கல்மரம் சொல்லும் வேதியியல்: அணு, பிணைப்பு, உயிர் மூலக்கூறுகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண்ணைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டைகள்’ என்ற செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. நம் கைப்பேசிகளுக்கும் வந்தது. நாமும் சரிபார்க்காமல் நாலு பேருக்கு அனுப்பினோம். புவியியல் வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியைச் சுற்றி உருவான கற்கள் என்று விளக்கினார்கள். நாம் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. முட்டை ஓடும் அந்த வகைக் கற்களைப் பிடித்துவைக்கும் பொருளும் வேதியியல் கணக்கில் ஒன்றுதான். கலைப் பாடம் படித்த நமக்கு அது பிறகுதான் புரிந்தது.

முதலில் அணுவைப் பார்ப்போம். நம் உடலின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் ஆக்சிஜன், 18 சதவீதம் கார்பன், 10 சதவீதம் ஹைட்ரஜன், 3 சதவீதம் நைட்ரஜன். மீதியில் கால்சியமும் பாஸ்பரசும் முக்கியமானவை. இவற்றில் எதுவும் உயிருக்கென்று தனியாக உள்ள சரக்கு அல்ல. மண்ணிலும் காற்றிலும் தண்ணீரிலும் இருப்பவையே. வேறுபாடு, அவை ஒன்றோடொன்று சேரும் விதத்தில் இருக்கிறது.

அணுவின் வெளிச்சுற்றில் உள்ள எலக்ட்ரான்களே இந்தச் சேர்க்கையை நடத்துகின்றன. நம் விருந்துகளில் ஒரே சஹனில் சேர்ந்து உண்பதைப் போல, இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டால் அது சகப்பிணைப்பு. கார்பன் இப்படி நான்கு பிணைப்புகளை அமைக்கும். ஆகவே அது சங்கிலியாக, கிளையாக, வளையமாக நீள முடிகிறது. கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என எல்லாமே அந்தக் கார்பன் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. பகிராமல், ஓர் அணு தன் எலக்ட்ரானை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு, அதனால் உண்டான எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பில் சேர்ந்தால் அது அயனிப் பிணைப்பு. கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு நிற்கிறது.

அந்தக் கால்சியம் கார்பனேட்தான் அரியலூரின் சுண்ணாம்புக்கல். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் கிரைஃபியா என்ற சிப்பியின் ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கோழி முட்டை ஓடும் இதே பொருள். எலுமிச்சைச் சாறு விட்டால் இரண்டுமே நுரைக்கும். வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. ஆகவே நுரைத்தது என்பதால் மட்டும் ஒரு கல்லை முட்டை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டின் நுண்ணிய அடுக்கமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாத்தனூர் கல்மரத்தின் கதை வேறு. பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள இந்த 18 மீட்டர் நீள மரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடித்துவரப்பட்டு அடிமண்ணில் புதைந்த மரம். ஆக்சிஜன் எட்டாத ஆழம் என்பதால் உடனே மக்கிவிடவில்லை. மண்ணில் ஊறிய நீரில் சிலிசிக் அமிலம் கரைந்திருந்தது. மரத்தின் செல்லுலோஸ் நெடுகிலும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள் உண்டு. கரைந்து வந்த சிலிக்கா அவற்றைப் பற்றிக்கொண்டது ஹைட்ரஜன் பிணைப்பால். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பதும் இதே பிணைப்புத்தான். தனியாகப் பார்த்தால் மிக மென்மையானது, எண்ணிக்கையில்தான் அதன் பலம். இப்படி மரத்தின் நுண்ணறைகளில் சிலிக்கா படிந்து, நீரை இழந்து, கடைசியில் கல்லாக இறுகியது. மரப்பொருள் மெல்லச் சிதைந்து போயிற்று. மரத்தின் வடிவம் மட்டும் சிலிக்காவில் நின்றுவிட்டது. இதன் மேல் எலுமிச்சை விட்டால் நுரைக்காது. (யாரும் போய் விட்டுப் பார்க்க வேண்டாம்; அது பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம்.)

பிணைப்பைக் குலைப்பதும் நம் ஊர்த் தொழில்தான். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அது உடைகிறது: 100 கிலோ தூய கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். சிமெண்ட் சூளையில் எரிபொருளின் புகை வேறு, இந்தக் கணக்கு வேறு. எரிபொருளை மாற்றினாலும் இந்த 44 கிலோ குறையாது. கடலுயிர்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கார்பன் அது. வேலைவாய்ப்பையும் புழுதியையும் பற்றிப் பேசும் நம் ஊரில் இதைப் பேசுவோர் குறைவு.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அந்த நீர் கையை அரிப்பது காரத்தன்மையால். காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆல்கலி’ என்ற சொல், செடிச் சாம்பலைக் குறிக்கும் ‘அல்கலீ’ என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது. நோன்புக்கு முன் பள்ளிவாசல் சுவரில் அடிக்கும் வெள்ளை இந்த நீற்றிய சுண்ணாம்புதான். காயும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்பிணைப்புகளின் பெயர்களை மனனம் செய்கிறார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து சாத்தனூருக்கும் போய்விட்டு ஒரே நாளில் திரும்பலாம். புறப்படுமுன் வீட்டில் ஒரு முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுக் காட்டிவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.