வண்ணார்பேட்டையும் வசந்தவல்லியும்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் தாமிரபரணியைக் கடக்க 1843-ல் திறக்கப்பட்ட பாலம் ஒன்று உண்டு. சுலோசன முதலியார் என்பவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியதால் அவர் பெயரே பாலத்துக்கும் நிலைத்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம்; அதையொட்டி வண்ணார்பேட்டை. இன்று அங்கே மேம்பாலமும் பஸ் இரைச்சலும் ஆஸ்பத்திரிப் பலகைகளுமாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஒரே பேட்டையோடு சம்பந்தப்பட்ட இரண்டு பிள்ளைமார் வீடுகள் தமிழ் இலக்கியத்தில் இடம் பிடித்துக்கொண்டன. ஒன்று ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடைய வீடு. முதலியார் என்ற பட்டம் இருக்க நான் பிள்ளைமார் என்கிறேனே என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். திருநெல்வேலியில் அதெல்லாம் ஒரே சைவ வேளாளச் சமையலறைதான். அந்த வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் கூடிய கூட்டத்துக்குத்தான் வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. மற்றொன்று ஓய்வு பெற்ற தாசில்தார் சொக்கலிங்கம் பிள்ளையின் வீடு. அவருடைய பிள்ளை விருத்தாசலத்தை நாம் புதுமைப்பித்தன் என்று அறிவோம்.

இரண்டு வீட்டாரின் ருசியும் வேறு வேறு. ஒருவர் கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி இனிப்பாக்கியவர். மற்றவர் எதை எடுத்தாலும் அடியில் கசப்பு தட்டுகிறதா என்று பார்த்தவர். ஆனால் இருவருக்கும் பொதுவான ஊர்ச் சொத்து ஒன்று இருந்தது: திரிகூடராசப்பக் கவிராயர் செய்த குற்றாலக் குறவஞ்சி. டி.கே.சி. அதைக் குற்றாலத்து அருவிக்கரையில் கொண்டாடினார். புதுமைப்பித்தன் சினிமாப் படம் எடுக்கப் போனார்.

நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். 1940-களின் நடுவில், பத்திரிகை உத்தியோகம் போதும் என்று வெளியே வந்துவிட்ட புதுமைப்பித்தன், ‘பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்’ என்று சொந்தமாக ஒரு படக் கம்பெனி ஆரம்பித்தார். பர்வதகுமாரி என்றால் மலைமகள். ஆனால் சிறு வயதிலேயே அவர் இழந்துவிட்ட தாயாரின் பெயர் பர்வதத்தம்மாள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரியாகவும் ஒலிக்கும். எடுக்க நினைத்த படத்தின் பெயர் ‘வசந்தவல்லி’. திருநெல்வேலிக்காரனிடம் வசந்தவல்லி என்று சொன்னால், குற்றாலத் தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்து, பவனி வந்த ஈசனைக் கண்டு மயங்கி நின்ற அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரமாட்டாள். படம் வெளிவரவில்லை. முயற்சி பணமில்லாமல் நின்றுபோயிற்று.

நின்றுபோன படத்தைப் பற்றி என்ன கட்டுரை என்று கேட்கலாம். அந்த நூலை ஒரு சினிமாக்காரனுடைய கண்ணோடு புரட்டிப் பார்த்தபோது, புதுமைப்பித்தன் வெறும் ஆசையினால் அதைத் தொட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

குற்றாலக் குறவஞ்சி பிறந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். கவிராயர் குற்றாலத்துக்கு அடுத்த மேலகரத்துக்காரர். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வந்தது. ஒரு நாடகம் எழுதி நிலம் வாங்கிய காலம் அது!

நாடகம் என்று நான் சொல்வதைச் சிலர் ஒப்பமாட்டார்கள், பிரபந்தம் என்பார்கள். படிப்பறையில் பிரபந்தம்தான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். முதலில் கட்டியக்காரன் வருகிறான். அப்புறம் சுவாமி பவனி. வசந்தவல்லி பந்தாடுகிறாள், காதல் கொள்கிறாள், நிலவைத் திட்டுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள். இந்தச் சமயத்தில் கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தை அளக்கிறாள், கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள், நகைகளை வாங்கிக்கொண்டு போகிறாள். அத்தோடு பெரிய இடத்துக் கதை தீர்ந்தது. இதற்கு மேல்தான் சிரிப்பு. குறத்தியின் புருஷன் சிங்கன், நூவன் என்ற கூட்டாளியோடு பறவை பிடிக்க வருகிறான். கண்ணி வைக்கிறான். பறவைகள் வந்து மேய்கின்றன. இவனுக்கோ பெண்டாட்டி நினைவு. பறவை போய்விடுகிறது. நூவன் கேலி செய்கிறான். கடைசியில் சிங்கியைக் கண்டுபிடித்தால், அவள் உடம்பெல்லாம் நகை. சொல்லாமல் எங்கே போனாய் என்று ஆரம்பித்து ஒவ்வொரு நகையாகச் சந்தேகப்படுகிறான். காலில் சுற்றிக் கிடப்பது விரியன் பாம்போ என்று மிரளுகிறான். சேலத்துப் பக்கம் குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்று அவள் அலட்சியமாகச் சொல்கிறாள். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. இதைவிட நல்ல வசனம் எழுத எந்த ஸ்டூடியோவில் ஆள் இருந்தது?

இதே காலத்தில் லண்டனிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜான் கே என்பவர் 1728-ல் ‘பிச்சைக்காரன் இசைநாடகம்’ என்று ஒன்றை அரங்கேற்றினார். பெரிய மனிதர்களின் இத்தாலிய சங்கீத நாடகத்துக்கு எதிரே திருடர்களையும் வேசிகளையும் மேடையேற்றி, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளிலேயே பாடவிட்டார். முதல் பருவத்திலேயே 62 இரவுகள் ஓடிற்று. கவிராயரும் கேயும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்க முடியாது. இருந்தாலும் இவர் சிந்துக்கும் கண்ணிக்கும் இறங்கி வந்ததும், அவர் தெருப்பாட்டுக்கு இறங்கி வந்ததும் ஏறக்குறைய ஒரே இருபது ஆண்டுகளுக்குள். லண்டன் நாடகம் பிற்பாடு பலமுறை உருமாறியது. 1928-ல் பிரெக்ட் அதை ஜெர்மன் மொழியில் புதிதாக்கினார். 1931-ல் பாப்ஸ்ட் அதைப் படமாக்கினார். படம் எடுக்கும்போதே பிரெக்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். 1953-ல் பீட்டர் புரூக், லாரன்ஸ் ஒலிவியரை வைத்து மூல நாடகத்தை வர்ணப் படமாக எடுத்தார், அது ஓடவில்லை. ஆக, பதினெட்டாம் நூற்றாண்டுச் சிரிப்பைப் பிலிமில் பிடிப்பது பணம் உள்ள தேசத்திலும் லேசான காரியமாக இருக்கவில்லை.

நம்முடைய குறவஞ்சியில் உள்ள கஷ்டம் வேறு. கதாநாயகன் பவனி வந்துவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வருவதே இல்லை. வசந்தவல்லிக்கு மிஞ்சுவது குறத்தியின் வாக்கு ஒன்றுதான். மேடையில் இது போதும். குற்றாலநாதர் பக்கத்துக் கோயிலில்தானே இருக்கிறார். பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் கும்பிட்டுக்கொள்ளலாம். தியேட்டரில் நாலணா கொடுத்து உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? கல்யாணம் எங்கே என்பான். 1945-ல் ஏ.வி.எம். எடுத்த ‘ஸ்ரீவள்ளி’ பிரமாதமாக ஓடியதற்குக் காரணம் டி.ஆர். மகாலிங்கத்தின் குரல் மட்டும் அல்ல. அந்தக் கதையில் முருகன் தானே வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், துரத்துகிறான், மாலையிடுகிறான். ஒரு கதாநாயகன் செய்ய வேண்டிய அத்தனையும் கந்தபுராணத்திலேயே தயாராக இருக்கிறது. குற்றாலநாதர் அப்படிப்பட்டவர் அல்ல.

என்னைக் கேட்டால், வசந்தவல்லியை இரண்டாம் இடத்துக்கு நகர்த்திவிட்டுச் சிங்கனை முதல் ரீலிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். பெண்டாட்டியைக் காணாத ஒரு குறவன் கண்ணியும் கையுமாக அலைகிறான். அவள் எங்கெங்கோ போய்ப் பெரிய வீட்டுப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கணவன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்! இந்த முரண் மூலத்திலேயே இருக்கிறது. தூக்கிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. செலவும் குறைவு. பவனியை நிஜத் திருவிழாவிலேயே படம் பிடித்துவிடலாம். குற்றாலத்து அருவி வாடகை கேட்காது. ஒரு தெரு, ஒரு மாடி வீட்டுக் கூடம், நாலு கண்ணி, ஒரு கூடை. பறவைகளைக் காட்டக்கூட வேண்டாம். மரத்தின் மேல் ஏறி நின்று சிங்கன் வரிசையாகப் பெயர் சொல்லும்போது அவன் முகத்தைக் காட்டினால் போதும். கவிராயர் சொல்லாலேயே வானத்தை நிரப்பி வைத்திருக்கிறார். நீளமும் பொருந்தும். யுத்த காலத்தில் பிலிம் பஞ்சத்தினால் படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் விதி செய்திருந்தது. ஓடும் நேரம் இரண்டு மணி. குறவஞ்சிக்கு அதுவே தாராளம்.

சிங்கனாக யார் நடிப்பது? நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனையும் டி.ஏ. மதுரத்தையும் விட்டால் அந்த நகைக் கேள்விக்கு வேறு ஜோடி கிடையாது. ஆனால் 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலையுண்டான். அந்த வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்று, 1947-ல்தான் விடுதலையானார்கள். தமிழ் சினிமாவுக்குச் சிங்கன் வேண்டியிருந்த சமயத்தில் சிங்கன் ஜெயிலில் இருந்தான்.

ஜெயில் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் சென்னை ராஜதானியில் குறவர் வகுப்புகள் சில குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இருந்தன. பெயர் பதிவு, கைரேகை, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு என்று நடமாட்டமே கட்டுப்பாடாக இருந்தது. 1947-ல்தான் இங்கே அது ரத்தாயிற்று. குறவஞ்சியின் சிங்கியோ ஊர் ஊராகத் திரிந்து, போன இடமெல்லாம் பரிசு வாங்கி, அதைப் புருஷனுக்கு முன்னால் பெருமையாக நீட்டுகிறவள். 1946-ல் ஒரு நிஜச் சிங்கி அத்தனை நகையோடு ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால், கேள்வி கேட்டிருக்கிறவன் சிங்கன் அல்ல, போலீஸ்காரன். ‘பொன்னகர’த்தை எழுதின மனிதருக்கு இது தென்படாமலா போயிருக்கும்? மேட்டுக்குடிக் கண்ணுக்கு வேடிக்கைப் பொருளாக நின்ற அந்த இருவரை அவர் கையில் கொடுத்திருந்தால், சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசிக்கும்போதுதான் படம் வராமற்போனது எனக்கு உறைக்கிறது.

அவரைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. மணிக்கொடிக் காலத்தில் தழுவலே கூடாது, மொழிபெயர்ப்புதான் நியாயம் என்று கச்சை கட்டிச் சண்டை போட்டவர் அவர். சினிமாவோ அடிமுதல் நுனிவரை தழுவல். பசி வந்தால் கொள்கையும் பறக்கும் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அயல்நாட்டுச் சரக்குக்கு வேஷ்டி கட்டுவதைத்தான் அவர் வெறுத்தார். குறவஞ்சி சொந்த ஊர்ச் சரக்கு.

கம்பெனி சரிந்தபின் அவர் பிறருடைய படங்களுக்கு வசனம் எழுதினார். ஜெமினியின் ‘ஒளவையார்’ வேலையில் பங்கெடுத்தார். அந்தப் படம் 1953-ல் வெளிவந்தபோது அவர் இல்லை. ‘காமவல்லி’க்கும் எழுதினார். விடுதலையாகி வந்த பாகவதர் சொந்தமாக ‘ராஜமுக்தி’ எடுத்தபோது அதற்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போனார். அங்கே க்ஷயரோகம் முற்றியது. அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் புத்தகமாக வந்திருக்கின்றன. அவற்றில் அன்புக்கு அடுத்தபடி அதிகமாக வருவது பணக் கவலை. இன்று அனுப்புகிறேன், நாளை அனுப்புகிறேன் என்ற பேச்சு. படித்தால் மனசு கனத்துவிடும்.

1948 ஏப்ரல் 9-ந் தேதி வாசனின் ‘சந்திரலேகா’ வெளிவந்தது. முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடினார்கள். செலவு முப்பது லட்சம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 30-ந் தேதி திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் காலமானார். வயது 42. ‘ராஜமுக்தி’ அதற்குப் பிறகுதான் வெளிவந்தது, ஓடவில்லை.

ஆடல் மேடையில் வசந்தவல்லி முன்பே நுழைந்திருந்தாள். 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். கண்ணுக்குக் குளிர்ச்சி, காதுக்கு இனிமை. டி.கே.சி.க்குப் பிடித்த குறவஞ்சி அது. 1960-ல் ‘குறவஞ்சி’ என்றே ஒரு படமும் வந்தது. சிவாஜி கணேசன் நடித்தது, கருணாநிதி வசனம். பெயரைப் பார்த்து மேலகரத்தார் யாராவது டிக்கெட் வாங்கியிருந்தால் பாவம், இரண்டு ரீலுக்குள் தெரிந்துகொண்டிருப்பார்கள். அதன் கதை வேறு.