காலணாவின் எடை என்ன, விலை என்ன?

சின்னாளப்பட்டித் தறி வீடுகளின் பரணில் பழைய தகரப் பெட்டி ஏதேனும் கிடந்து, அதைக் கவிழ்த்தால், ஓட்டைக் காலணாவோ கம்பெனிக் காலணாவோ யானை பொறித்த திப்புவின் காசோ உருண்டு விழக்கூடும். திண்டுக்கல் சீமை மைசூர்க்காரர் கையிலிருந்து கம்பெனியாருக்கு மாறியது 1792 இல்தான். ஆகவே யானைக் காசு இந்தப் பக்கத்துக்கு அந்நியமன்று. இவற்றைப் பழைய பித்தளை வாங்குபவரின் தராசில் போட்டால் என்ன கிடைக்கும்? கணக்குப் பார்ப்போம்.

1835 என்று பொறித்த கம்பெனிக் காலணா 100 கிரெயின் எடையுள்ள தாமிரம்; அதாவது 6.48 கிராம். ரூபாய்க்கு 64 காலணா. எனவே ஒரு ரூபாய்ச் சில்லறை என்பது ஏறத்தாழ 415 கிராம் தாமிரம்! வெள்ளி ரூபாயோ 180 கிரெயின், ஒரு தோலாதான். சந்தைக்குப் போனவரின் மடி ஏன் கனத்தது என்பது விளங்குகிறதல்லவா? 2024 ஆம் ஆண்டில் தாமிரம் கிலோ 800 ரூபாயை ஒட்டி விற்றது. அந்த விலையில் ஒரு காலணாவின் உலோகம் மட்டும் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். அதன் முகமதிப்போ இன்றைய கணக்கில் ஒன்றரைப் பைசா. (பழைய உலோகத்துக்கு வியாபாரி முழு விலை தரமாட்டார் என்பது வேறு கதை.)

முகமதிப்பைவிட உலோகம் மலிவாக இருக்கும்வரைதான் காசு கைமாறும். உலோகத்தின் விலை மேலே போய்விட்டால் காசு உலைக்குப் போகும். தாமிரம் சுமார் 1085 செல்சியஸ் பாகையில் உருகிவிடும். கன்னாருக்கு அது பெரிய காரியமன்று.

காலணாவின் வரலாறே மெலிவின் வரலாறுதான். 1906 இல் தாமிரத்துக்குப் பதில் வெண்கலம் வந்தது: நூற்றுக்கு 95 பங்கு தாமிரம், 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். வெண்கலம் கடினமானது, தேய்வது குறைவு. எடையும் 75 கிரெயினாக இறங்கியது. உலகப்போர் நடந்த 1943 இல் தாமிரத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டார்கள். காலணா ஏறத்தாழ 2 கிராமாகச் சுருங்கிற்று. அந்தத் துளையில் கயிறு கோத்துக் குழந்தையின் அரையில் கட்டிய வீடுகளும் உண்டு. 1957 இல் வந்த நயா பைசா ஒன்றரைக் கிராம் வெண்கலம். 1965 முதல் அது முக்கால் கிராம் அலுமினியம். அப்படியும் தப்பவில்லை. சில்லறையை உருக்குவதையும் பதுக்குவதையும் தடுக்க 1971 இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் அந்த முக்கால் கிராம் அலுமினியம் 15 பைசா பெறும்! 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 உடன் செல்லாக்காசாயின. அமெரிக்கரும் 1982 இல் தங்கள் சென்ட் காசைத் துத்தநாகமாக்கி, மேலே தாமிரம் பூசினார்கள்.

ஆனால் பழங்காசின் விலை எடையில் மட்டும் இல்லை. சென்னை மாகாணத்துக்காக 1808 இல் பர்மிங்காம் அருகே அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அவற்றை எடுத்தார்கள். சேகரிப்போர் தாமிர விலையைப்போலப் பல மடங்கு கொடுத்தே வாங்குகிறார்கள். ஆயினும் இலட்சக்கணக்கில் கிடைத்துவிட்டதால், இருநூறு வயதுக்கு ஏற்ற விலை அவற்றுக்கு இல்லை! அருமைதான் விலை, வயது அன்று.

உங்கள் பெட்டியில் இருப்பது தாமிரம்தானா? நிறைய எடுப்புகள் தேவையில்லை. பத்துக் கம்பெனிக் காலணாக்களை நிறுத்து, அளவுச் சாடியில் நீரில் போடுங்கள். தேயாத காசுகளானால் 65 கிராமுக்கு நீர் 7.2 மில்லிலிட்டர் அளவு உயரும். தேய்ந்திருந்தால் எடையும் உயர்வும் சேர்ந்தே குறையும். ஒரே ஒரு வேண்டுகோள்: சோதனைக்கு முன் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் கறுப்பை மட்டுமா கரைக்கிறது? தேய்க்கும் கை ஆண்டையும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். மினுங்கும் காசை வாங்குபவர் தராசில் தான் வைப்பார்.