நாகரிகம்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

நாகரிகம் என்னுஞ் சொல் இக்காலத்துப் பெரும்பாலும் உடை, உறையுள், வாழ்க்கை வசதி ஆகியவற்றின் திருந்திய நிலையையே குறிக்கின்றது. இப்பொருளையே பண்டை நூல்களிலும் ஏற்றியுரைப்பின் அவற்றின் கருத்துச் சிதையும். ஆகலின் இச்சொல்லின் பழம்பொருள் ஆராய்தற்குரியது.

நகரம் என்பதனடியாக முதலுயிர் நீண்டு பிறந்த வடமொழி ஆக்கமாக இதனைக் கொள்வர் பலர். நகர் என்னும் தமிழ்ச்சொல்லடியாகவே பிறந்ததெனக் கொள்வார் தேவநேயப் பாவாணர். எங்ஙனமாயினும், நகரத் தொடர்பு இரு சாரார்க்கும் உடன்பாடு. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் முதற்பகுதி நான்காம் இயலில் நாகரகனது வாழ்க்கையை விரிக்கின்றது. நீரருகே சோலையொடு கூடிய மனை, மென்மையான படுக்கை, யானைக்கொம்பு முளையில் தொங்கும் வீணை, ஓவியப் பலகை, பறவைக் கூண்டு, ஊசல், பூச்சு, மாலை, வெற்றிலை என்பன அவன் அடையாளங்கள். ஈண்டு இச்சொல் நகரச் செல்வனின் இன்ப நுகர்ச்சியைச் சுட்டிற்று.

தமிழிலோ இச்சொல் வேறொரு நெறியிற் சென்றது. திருக்குறள் இதனை 580-ஆம் குறளில், கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தது. பழகியவர் நஞ்சு பெய்யக் கண்டும் அதனை மறாது உண்டு அமைபவரே நாகரிகத்தை விரும்புவோர் என்பது அதன் கருத்து. நற்றிணை 355-ஆம் பாட்டும் நட்டோர் கொடுத்த நஞ்சையும் உண்பாரை நாகரிகர் என்கின்றது. அப்பாட்டில் தோழி, தலைவியினிடத்து நீ இன்புறாயாயினும் என்பொருட்டுக் கண்ணோடி அவளுக்கு அருள்க எனத் தலைவனை வேண்டுகின்றாள். நாகரிகமும் கண்ணோடுதலும் ஒரே பாட்டில் அடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. பரிமேலழகரும் குறளுரையில் நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் எனப் பொருள் கொண்டு, இந்நற்றிணை அடிகளையே சான்று காட்டினார்.

எனவே, வடநூலில் உடைமையைச் சார்ந்து நின்ற சொல், தமிழ்ச் சான்றோர் வாக்கில் உள்ளத்தின் இயல்பைச் சார்ந்தது. செல்வமிலார்க்கும் அது கூடும். செல்வமுடையார்க்கு அது இல்லாமலும் போகலாம்.

1924-இல் சிந்துவெளி அகழாய்வுச் செய்தி வெளிவந்தபின், சிந்துவெளி நாகரிகம் என்னும் வழக்குப் பரவி, நகர வாழ்வென்னும் பொருளை மீண்டும் வலுப்படுத்திற்று. எனினும் பழம்பொருள் முற்றும் அழிந்திலது. நாகரிக உடை என்னுங்கால் புறத்தோற்றத்தைக் கருதுவோரும், ஒருவன் அநாகரிகமாகப் பேசினான் என்னுங்கால் அவன் உடையையோ செல்வத்தையோ கருதுவதில்லை. பிறர் உள்ளம் நோவதனை எண்ணாமையையே கருதுகின்றனர். உடன்பாட்டில் மங்கிய பொருள் எதிர்மறையில் இன்றும் நிலவுகின்றது. குறளுக்கு உரை காண்பார் இவ்வழக்கையும் உளங்கொள்ளல் வேண்டும்.