ஒரு மனித நொதியத்தின் வரலாறு

உடலினுள் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதங்கள் நொதியங்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் உடலின் ஒழுங்கு குலைந்துவிடக்கூடும். குளுக்கோசெரிபுரோசிடேசு என்னும் நொதியத்தின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும். மனிதனுக்கு வேண்டிய நொதியத்தை மனித உடலின் பகுதிகளிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டியிருந்த காலம் எவ்வாறு மாறிற்று என்பதையும் அது காட்டுகின்றது.

1882ஆம் ஆண்டில், பிலிப்பு கோசே என்னும் பிரெஞ்சு மருத்துவ மாணவர், மண்ணீரல் மிகப் பெருத்திருந்த ஒரு பெண்ணின் நோயைத் தமது ஆய்வுரையில் விவரித்தார். அதனை மண்ணீரலில் தோன்றிய கட்டியென்றே அவர் கருதினார். அங்குத் தேங்கியிருந்தது வெல்லத்தோடு இணைந்த ஒருவகைக் கொழுப்பு என்பது 1934இல் தெளிவாயிற்று. அது தேங்குவதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய றொஸ்கோ பிரேடியும் அவர்தம் குழுவினரும், அக்கொழுப்பைச் சிதைக்கும் நொதியம் நோயாளரிடம் குறைந்திருப்பதை 1960களின் நடுப்பகுதியில் நிறுவினர்.

குறைந்ததை ஈடுசெய்தால் நோய் தணியும் என அவர்கள் எண்ணினர். ஆனால், அந்நொதியத்தை எங்கிருந்து பெறுவது? மகப்பேற்றின் பின் கழிக்கப்படும் நஞ்சுக்கொடியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இரு நோயாளருக்கு ஏற்றிக் கண்ட முடிவை 1974இல் வெளியிட்டனர். எனினும், கொழுப்புத் தேங்கும் விழுங்கிக் கலங்களை நொதியம் போதிய அளவில் சென்றடையவில்லை. நொதியத்தோடு பிணைந்துள்ள வெல்லச் சங்கிலிகளின் நுனிகளை அகற்றி, உள்ளிருந்த மன்னோசு வெளித்தெரியச் செய்தபோது அக்கலங்கள் அதனை ஏற்றுக்கொண்டன. 1991இல் அம்மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆயினும், ஒரு நோயாளரின் ஓராண்டுத் தேவைக்கே ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன.

இவ்விடர்ப்பாட்டைப் பரம்பரையலகுப் பொறியியல் தீர்த்து வைத்தது. இந்நொதியத்துக்குரிய மனிதப் பரம்பரையலகு 1980களில் பிரித்தறியப்பட்டது. சீன ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியினத்தின் சூலகக் கலங்களுள் அதனைப் புகுத்தவே, அக்கலங்கள் மனித நொதியத்தை ஆக்கத் தொடங்கின. அவ்வாறு ஆக்கிய மருந்து 1994இல் அங்கீகரிக்கப்பட்டது. அதன் 497 அமினோவமிலங்களுள் ஒன்று மாத்திரமே இயற்கை நொதியத்தினின்றும் வேறுபட்டது. புதுமுறையும் இடையூறு அற்றதன்று. 2009இல் ஓர் உற்பத்திச் சாலையின் கலங்களில் வைரசு தொற்றியமையால் வேலை தடைப்பட்டது. பல நாட்டு நோயாளர் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு உள்ளாயினர். கரட்டுக் கலங்களில் ஆக்கிய நொதியம் 2012இல் அங்கீகாரம் பெற்றது.

இன்று இந்நொதியம் சிறு குப்பிகளில், ஆராய்ச்சிக்கு மட்டும் என்னும் குறிப்போடு ஆய்வுகூடங்களுக்கும் கிடைக்கின்றது. சிதைக்கப்படும்போது நீல ஒளிர்வு தரும் சேர்வை ஒன்றோடு இதனைக் கலந்து, ஒளியின் அளவைக்கொண்டு இதன் வலுவை அளக்கின்றனர். இந்நொதியத்தின் பரம்பரையலகில் நேரும் மாற்றங்கள் பார்க்கின்சன் நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதைப் பன்னாட்டு ஆய்வொன்று 2009இல் உறுதிசெய்தது. அதன்பின் இக்குப்பிகளின் தேவை மேலும் பெருகிற்று. அரிய நோயொன்றின் காரணத்தைத் தேடிய முயற்சி, முதுமையில் பலரை வருத்தும் வேறொரு நோயின் ஆராய்ச்சிக்கும் கருவி தந்துள்ளது.