கிட்டப்பா எத்தனை கட்டை? இருபத்தேழு வயசுல போன ஒரு குரல்

போன வாரம் எபிசோட் வரல, மன்னிக்கணும். ஆபீஸ்ல ரிலீஸ் நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல மைக் முன்னாடி உட்கார்ந்தா கொட்டாவிதான் பதிவாகும். இந்த வாரம் வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

டீம்ல ஒருநாள் சாப்பாட்டு மேசையில ராக் பாட்டுக்காரர்களைப் பத்திப் பேச்சு வந்தது. இருபத்தேழு வயசுல இறந்தவங்க பட்டியல் ஒண்ணு உலகம் முழுக்கச் சுத்திட்டு இருக்கு இல்லையா? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ரெண்டு பேரும் 1970. ஜிம் மாரிசன் 1971. கர்ட் கோபேன் 1994. ஏமி வைன்ஹவுஸ் 2011. ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லிட்டு இருந்தாங்க. நான், "செங்கோட்டை கிட்டப்பா" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. "அது யாரு, மலையாளமா?" என்று ஒரு பையன் கேட்டான். பாதி சரிதான். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

எஸ். ஜி. கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. இறந்தது 1933 டிசம்பர் 2. கணக்குப் போட்டுப் பாருங்க, இருபத்தேழுதான். மேடையில் வேஷம் கட்டி, விடிய விடியப் பாடி, ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, குடியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு போன ஒரு ஆள். அந்தப் பட்டியலில் இடம் கேட்டால் ஹெண்ட்ரிக்ஸை விட முப்பத்தேழு வருஷம் சீனியர்.

எங்க வீட்டில் இந்தப் பெயர் ஒரு தீராத வழக்கு. தாத்தா கடலூர் மஞ்சக்குப்பம். அவருடைய அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா, சிதம்பரத்தில் இருக்கிறார். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு நாங்க சிதம்பரம் போனால் சாப்பாடு முடிந்ததும் சண்டை தொடங்கும். தாத்தா கிட்டப்பா கட்சி. பெரிய தாத்தா கே. பி. சுந்தராம்பாள் கட்சி. "கிட்டப்பா மேல போற இடத்துக்கு எவன் போவான்?" "போனாப் போதுமா? அந்தம்மா சொல்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு." இப்படியே போகும். இடையில் எங்க பாட்டி, "தியாகராஜ பாகவதர்னு ஒருத்தர் இருந்தாரே, அவரை ரெண்டு பேருமே விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

இதைவிடப் பெரிய சண்டை ஒன்று உண்டு. கொள்ளுத்தாத்தா கிட்டப்பா நாடகத்தை நேரில் பார்த்தவர். எங்கே பார்த்தார்? தாத்தா கடலூர் என்பார். பெரிய தாத்தா, இல்லவே இல்லை, ரயில் ஏறி மாயவரம் போய்ப் பார்த்தார் என்பார். கொள்ளுத்தாத்தா ரெண்டு பேரிடமும் ரெண்டு விதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. பெரிய தாத்தா பிறந்ததே 1933-ல். தாத்தா அதற்கும் மூன்று வருஷம் இளையவர். அறுபது வருஷம் சண்டை போட்ட ரெண்டு பேரும் கிட்டப்பாவை மேடையில் பார்த்ததே கிடையாது!

சரி, அந்த மேடை எப்படிப்பட்டது?

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வார்கள். ஆளாளுக்கு ஒவ்வொரு ஊரில் இருந்து வருவார்கள். வள்ளி ஒரு ஊர், வேலன் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் பொதுவாக மனப்பாடமான பாடம் இருக்கும், பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. மற்றது அன்றைக்கு ராத்திரி மேடையில் நடப்பதுதான். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் யார் முதலில் மடங்குவது என்று பார்க்கத்தான் பாதிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' சத்தம் வரும், கதையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாட வேண்டும். செத்துக் கிடக்கிற பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மறுபடி படுத்த கதைகளும் உண்டு, எத்தனை நிஜமோ.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில், எங்க ஊரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் சின்னப் பையன்களாக அவரிடம்தான் பயின்றார்கள். அந்தக் குழுவின் பெயர் சமரச சன்மார்க்க நாடக சபை. இந்தப் பெயரைக் கேட்டதும் கடலூர்க்காரனுக்கு வடலூர் ஞாபகம் வராமல் இருக்காது. அதற்குப் பிறகு கிட்டப்பா கன்னையா கம்பெனிக்குப் போய் 'தசாவதாரம்' நாடகத்தில் பெரிய பெயர் எடுத்தார்.

இப்போ கட்டை விஷயத்துக்கு வருவோம். ரசிகர்கள் பேச ஆரம்பித்தாலே முதல் வார்த்தை, "அவர் அஞ்சு கட்டைப்பா". ஹார்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்துப் பாடினால் அது ஒரு கட்டை. ஐந்தாவது வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்தால் ஐந்து கட்டை. கச்சேரி பண்ணும் ஆண்கள் பலரும் ஒரு கட்டையை ஒட்டித்தான் பாடுகிறார்கள். அவர்கள் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் சுமார் 392 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைக்காரர் அதே பஞ்சமத்தைத் தொட்டால் 587 ஹெர்ட்ஸ், அதாவது ஒன்றரை மடங்கு. அதையும் மூச்சுத் திணறாமல், பிர்கா உடையாமல், நடித்துக்கொண்டே தொட வேண்டும்.

ஏன் இவ்வளவு மேலே? மைக் கிடையாது, அவ்வளவுதான். கீற்றுக் கொட்டகை, தகரக் கொட்டகை, கடைசி வரிசையில் தரை டிக்கெட் எடுத்தவர்கள். அங்கே போய்ச் சேராத குரலுக்கு மறுநாள் வேலை இல்லை. ஹெவி மெட்டல் பாடுகிறவர் கத்துவதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வாட்ஸ் ஸ்பீக்கர் இருக்கும். இங்கே பின்னால் இருந்தது ஒரு ஹார்மோனியம்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சந்தித்தது 1926-ல், இலங்கையில். அந்தம்மா கொடுமுடிக்காரர். சின்னப் பிள்ளையாக ரயிலில் பாடியபோது கண்டெடுக்கப்பட்டவர் என்று சொல்வார்கள். அங்கே அவர் ஏற்கெனவே பெரிய பெயர். கிட்டப்பா வருகிறார், ரெண்டு பேரும் ஒரே மேடை என்றதும், "அவர் முன்னாடி உன்னால நிக்க முடியாது" என்று இவரிடமும், "அந்தப் பொண்ணு முன்னாடி உன் பாச்சா பலிக்காது" என்று அவரிடமும் ஆட்கள் ஏற்றிவிட்டார்களாம். எங்க தாத்தாக்களுக்கு முன்னாடியே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மறு வருஷம் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார்.

இதை ஒரு காவியக் காதலாகத்தான் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. நான் படித்தவரை அதில் காவியம் குறைவு. விட்டுவிட்டுப் போன ஒருவருக்குப் பதில் எதிர்பார்த்து எழுதுகிற பெண்ணின் கோபமும் கெஞ்சலும்தான் அதிகம். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அவர் இறந்தபோது இவருக்கு வயது இருபத்தைந்து. அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுத்தியவர் 1980-ல் இறக்கும்வரை மாற்றவில்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில்தான் கதை சிதம்பரத்துக்கு வருகிறது.

ஆண்களோடு ஜோடி சேராத நடிகைக்கு என்ன பாத்திரம் கொடுப்பது? ஆண் பாத்திரத்தையே கொடுத்துவிட்டார்கள். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் சுந்தராம்பாள்தான் நந்தனார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்று நினைத்து அவர் கேட்ட தொகை அது, தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கச்சேரி உலகின் உச்சியில் இருந்தவர். கச்சேரி வித்வானும் நாடகப் பாடகியும் ஒரே திரையில். படம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. கல்கி அதை நன்றாகவே கிண்டல் பண்ணி எழுதினார்.

நந்தனார் கதை நம்ம பக்கத்துக் கதை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார். தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே இருந்தவர். அதை மேடைக்குக் கொண்டுவந்தது கோபாலகிருஷ்ண பாரதி. பண்ணையார் வேதியர் என்கிற பாத்திரமே சேக்கிழாரிடம் கிடையாது, பாரதி சேர்த்தது. அந்த வேதியர் இல்லாவிட்டால் நாடகமே இல்லை.

ஒரு சின்ன விலகல். 1935-ல் தியேட்டரில் உட்கார்ந்து நந்தனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் இருந்திருப்பார்கள். அதே வருஷம் சிதம்பரம் கோயிலுக்குள் நந்தனின் மக்கள் நுழைய முடியாது. சுவாமி சகஜானந்தர் அதே ஊரில் நந்தனார் பெயரில் அவர்களுக்குப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்பது சுலபம் என்று எனக்குத் தோன்றும். பெரிய தாத்தாவிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அப்பா காலத்துல அதெல்லாம் யாரும் பேசமாட்டாங்க" என்றார்.

1942-ல் ஜெமினி மறுபடியும் 'நந்தனார்' எடுத்தது. இந்த முறை எம். எம். தண்டபாணி தேசிகர். அவர் பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே இசைப் பேராசிரியராக வந்துவிட்டார். சிதம்பரத்தில் அவரை நேரில் கேட்டவர் பெரிய தாத்தா. ஆனாலும் அவருக்கு நந்தனார் என்றால் சுந்தராம்பாள்தான். "தேசிகர் பாடுவார். அந்தம்மா கேட்பாங்க" என்பார். சாமியிடம் வேண்டிக் கேட்பதைச் சொல்கிறார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், ரெண்டு கட்சிக்காரர்களும் திட்டுங்க. கிட்டப்பாவா சுந்தராம்பாளா என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபர் கடைசியில். கிட்டப்பா 1933-லேயே போய்விட்டார். அவர் எந்தப் பேசும்படத்திலும் இல்லை. அவருக்குப் பிறகு சினிமா பாகவதரைத் தூக்கிக்கொண்டு போனது. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாக மாறின. அந்த வேகத்தில் கிட்டப்பா மறந்துபோயிருக்க வேண்டியவர். மறக்காததற்குப் பெரிய காரணம் அந்த வெள்ளைச் சேலை. 1953-ல் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகார்', 1965-ல் 'திருவிளையாடல்', சட்ட மேலவை உறுப்பினர், 1970-ல் பத்மஸ்ரீ. இந்தம்மா எங்கே வந்து நின்றாலும் "கிட்டப்பா சம்சாரம்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். நாற்பத்தேழு வருஷம் நடமாடிய விளம்பரம். ஆறேழு வருஷம்கூட ஒழுங்காகச் சேர்ந்து வாழாத ஒருவருக்காக. கிட்டப்பா கட்சிக்காரர்கள் அந்தம்மாவை எதிர்க்கட்சியில் உட்கார வைப்பது கொஞ்சம் நன்றி கெட்ட வேலைதான்.

மிச்சம் இருப்பது இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை பாடிய ஆளுக்கு மூன்று நிமிஷம். தியாகராஜரின் 'எவரனி' அதில் ஒன்று. 'கோடையிலே' என்று தொடங்கும் வள்ளலார் பாட்டு இன்னொன்று. வள்ளலார் பிறந்த மருதூர் சிதம்பரத்துக்குப் பக்கம், சபை கட்டிய வடலூர் கடலூருக்குப் பக்கம், பாடியவர் செங்கோட்டை. தாத்தா தன் கட்சிக்கு அத்தாட்சியாகக் காட்டுவது இந்தத் தட்டைத்தான்.

இந்தப் பாட்டை நான் ரெண்டு பதிவேற்றங்களில் இறக்கி, ஸ்பெக்ட்ரம் போட்டு ஒப்பிட்டேன். வேலையில் கற்றது எதற்காவது உதவட்டும். ரெண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட அரைக் கட்டை வித்தியாசம். காரணம் எளிது. அந்தக் காலத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பேச்சே தவிர, பதிவு செய்யும்போது வேகம் முன்பின் இருக்கும். 78-ல் ஓட்ட வேண்டியதை 82, 83-ல் ஓட்டினால் அரைக் கட்டை ஏறிவிடும். பாடகருக்கு இளமையும் கூடிவிடும். அஞ்சா, அஞ்சரையா, நாலரையா என்று கமெண்டில் அடித்துக்கொள்கிறோமே, அதில் பாதி தட்டு சுற்றிய மோட்டாரின் வேகம்.

தாத்தா போய் நாலு வருஷம் ஆகிறது. அதனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஐந்து கட்டைக்குப் பொருந்துகிற மாதிரி சரிசெய்த பதிவை எடுத்துக்கொண்டு போன மாதம் சிதம்பரம் போனேன். பெரிய தாத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காதில் மெஷின். போனை காதுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"யாருடா இது?"

"கிட்டப்பா தாத்தா. ஸ்பீட் சரி பண்ணியிருக்கேன். அவர் நிஜமா இப்படித்தான் பாடியிருப்பார்."

"உன் தாத்தன் வீட்டுல போடுவானே, அது இது இல்லையே."

பழையதைத் தேடிப் போட்டேன். அரைக் கட்டை மேலே, தேய்ந்த ஊசிச் சத்தத்தோடு. தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

"இதான்டா. இதுக்குத்தான் அவன் அவ்வளவு சண்டை போட்டான். இன்னொரு தடவை போடு."