மதுவத்தின் சுரப்பு வழி மென்சவ்வுப் புரதங்கள்

சுரப்பு வழி மென்சவ்வுப் புரதங்கள் என்பவை, உயிரணுவினுள் உருவாகும் புரதங்களை உரிய இடங்களுக்குக் கொண்டுசெல்ல உதவும், மென்சவ்வுகளில் பதிந்த புரதங்கள் ஆகும். இவற்றைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி, ரொட்டி தயாரிக்கப் பயன்படும் மதுவத்தில் (ஈஸ்ட்) செய்யப்பட்ட ஆய்வுகளால் கிடைத்தது. இவற்றை ஒத்த புரதம் மனிதரில் பழுதுபட்டால் குருதி உறைதல் பாதிக்கப்படலாம்.

கண்டுபிடிப்பு

1979 இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ராண்டி செக்மன், பீட்டர் நோவிக் ஆகியோர், குறைந்த வெப்பநிலையில் வளர்ந்து 37 °செ இல் சுரப்பு நின்றுபோகும் மதுவத்தைப் பிரித்தெடுத்தனர். சுரக்கப்படாத புரதங்கள் உள்ளே தேங்குவதால் அவ்வுயிரணுக்களின் அடர்த்தி கூடும். இவ்வியல்பைக் கொண்டு அவர்கள் 1980 இல் சுரப்புக்குத் தேவையான 23 மரபணுக்களை இனங்கண்டனர். 2013 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு செக்மன், ஜேம்சு ரோத்மன், தாமசு சூதோஃப் ஆகியோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

செயற்பாடு

* நுழைவு: எண்டோபிளாச வலையின் மென்சவ்விலுள்ள 'செக்61' கால்வாய் வழியாகப் புதிய புரதம் உள்ளே செல்கிறது.
* நுண்குமிழ் உருவாதல்: 'செக்12' புரதம் 'சார்1' புரதத்தைத் தூண்டி மென்சவ்வில் ஒட்டச் செய்கிறது. அங்கு 'காப்-2' உறை திரண்டு மென்சவ்வைக் குமிழாக வளைக்கிறது.
* சரக்கைத் தேர்தல்: உறை மென்சவ்வுக்கு வெளியிலும் சரக்குப் புரதம் உள்ளேயும் இருப்பதால் இரண்டும் நேரடியாகத் தொடுவதில்லை. 'இ.ஆர்.வி.29' போன்ற ஏற்பிகள் மென்சவ்வை ஊடுருவி நின்று இரண்டையும் பிணைக்கின்றன.
* இணைதல்: 'செக்22', 'பெட்1' முதலிய 'ஸ்நேர்' புரதங்கள் குமிழைக் கொல்கி உறுப்புடன் இணைக்கின்றன.

மனித நோயும் வேலூர் ஆய்வும்

மதுவத்தின் 'எம்ப்46', 'எம்ப்47' ஏற்பிகளுக்கு உறவுடைய மனிதப் புரதம் 'எல்மேன்1' ஆகும். இது 'எம்.சி.எஃப்.டி.2' என்னும் துணைப் புரதத்துடன் சேர்ந்து, குருதி உறைதற் காரணிகள் 5, 8 ஆகியவற்றைக் கொல்கி உறுப்புக்கு அனுப்புகிறது. இவ்விரண்டில் ஒன்று பழுதுபட்டாலும் இரு காரணிகளும் குருதியில் குறைந்துவிடும். முதலாவதன் தொடர்பு 1998 இலும் மற்றதன் தொடர்பு 2003 இலும் அறியப்பட்டன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இத்தாலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய நோயாளிகளில் 'எம்.சி.எஃப்.டி.2' மரபணுப் பிறழ்வுகளே மிகுதி எனக் காட்டியது.

இந்நோயை ஹீமோஃபீலியா ஏ நோயிலிருந்து பிரித்தறிவது இன்றியமையாதது. அதில் காரணி 8 மட்டுமே குறையும்; இதில் காரணி 8 ஐ மட்டும் செலுத்தினால் காரணி 5 இன் குறை நீங்காது. எனவே இரு காரணிகளையும் அளந்தறிய வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் தோன்றுவதால், நெருங்கிய உறவில் மணம் புரிவோரின் குழந்தைகளுக்கு இதன் வாய்ப்பு கூடுகிறது.