வேகம் யாருக்கு? கைத்தொலைபேசித் தலைமுறைகளின் கதை

2020-ஆம் ஆண்டு. நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் இருந்த காலம். சபா மாநிலத்தின் உட்புறக் கிராமம் ஒன்றில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மரத்தின் மேல் ஏறி அமர்ந்து இணையவழித் தேர்வு எழுதினார். அந்தக் காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. அவர் கையில் கைத்தொலைபேசி இருந்தது. அலைதான் தரையில் எட்டவில்லை. அப்போது கோலாலம்பூரில் 4ஜி சேவை ஏழாண்டுப் பழையது.

இந்த இடைவெளி எப்படி வந்தது? கைத்தொலைபேசியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மலேசியாவில் முதல் தலைமுறை 1985-இல் 'அத்தூர் 450' என்ற பெயரில் வந்தது. தொலைத்தொடர்பு இலாகா தொடங்கிய சேவை அது. கருவி கனமானது, விலையோ சாமானியருக்கு எட்டாதது. குரலை மட்டுமே அது சுமந்தது. 1995-இல் இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம் வந்தது. குரல் எண்களாக மாற்றப்பட்டு அனுப்பப்பட்டது. குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கமும் பரவியது. 2005-இல் 3ஜி, 2013-இல் எல்டிஇ எனப்படும் 4ஜி, 2021 டிசம்பரில் 5ஜி என அடுத்தடுத்து வந்தன.

வேகம் எவ்வளவு கூடியது? 4 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட் என்பது எட்டு பிட். தொடக்ககால ஜிஎஸ்எம் வினாடிக்கு 9.6 கிலோபிட் தரவை அனுப்பியது. அந்த வேகத்தில் பாடல் வந்து சேர ஏறத்தாழ 56 நிமிடங்கள் ஆகும். 3ஜியின் ஆரம்ப வேகமான 384 கிலோபிட்டில் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. 4ஜி 100 மெகாபிட் வேகத்தைத் தொட்டால் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும்.

ஆனால், விளம்பரத்தில் காணும் வேகம் உச்ச வேகம். ஒரு கோபுரத்தின் கீழ் இருக்கும் அனைவரும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரவுச் சந்தையில் இணையம் மெதுவாவதற்கு இதுவே காரணம்.

மற்றொன்று, அலையின் இயல்பு. குறைந்த அதிர்வெண் கொண்ட அலை நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். ஆனால் அங்கே இடம் குறைவு. கம்பத்துச் சாலை போல நீளமானது, குறுகலானது. உயர்ந்த அதிர்வெண்ணில் இடம் தாராளம். எட்டும் தூரமோ குறைவு. அகலமான நெடுஞ்சாலை, ஆனால் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. எனவே வேகம் கூட வேண்டுமானால் கோபுரங்களை நெருக்கமாக நட வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தில் அது இலாபம். மலைக் கிராமத்திலும் தோட்டப்புறத்திலும் அது செலவு. புதிய தலைமுறை ஒவ்வொன்றும் முதலில் நகரத்தில் வந்து இறங்கியது இதனால்தான்.

2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம் இதைச் சரிசெய்ய முனைந்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்துவது முதல் கட்ட இலக்கு. அதற்காக 3ஜி சேவை 2021 இறுதிக்குள் கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டு, அதன் அலைவரிசை 4ஜிக்குத் திருப்பப்பட்டது. 2ஜி மட்டும் சாதாரண அழைப்புகளுக்காக விட்டுவைக்கப்பட்டது. பழைய 3ஜி கருவி வைத்திருந்த முதியவர்கள் பேச முடிந்தது. ஆனால் முன்போல் இணையம் பார்க்கப் புதுக் கருவி தேவைப்பட்டது. ஒரு தலைமுறை முன்னேறும்போது யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை மறுக்க முடியாது.

5ஜிக்கு மலேசியா 700 மெகாஹெர்ட்ஸ், 3,500 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டையும் ஒதுக்கியது. முன்னது தூரத்துக்கு, பின்னது வேகத்துக்கு. இரண்டும் தேவை என்பதை நாற்பதாண்டு அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கைத்தொலைபேசித் தலைமுறைகளை எண்களால் மட்டும் அளந்தால் கதை பாதிதான். வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று கேட்பதோடு, கடைசி வீடுவரை அது எட்டுகிறதா என்றும் கேட்க வேண்டும். தேர்வு எழுத ஒரு மாணவி மரம் ஏற வேண்டியிராத நாளில்தான் எந்தத் தலைமுறையும் முழுமை பெறும்.